சுழலும் முன் நான்கு தட்டுகள்

கான்ட்ரா நடனத்தில் இருவர் கைகோத்து, ஒருவரையொருவர் நோக்கி ஓரடி முன்வைத்து, உடனே ஓரடி பின்வாங்கும் அசைவுக்குப் ‘பேலன்ஸ்’ என்று பெயர். நான்கு தாளத்தட்டுகளுக்குள், அதாவது ஏறக்குறைய இரண்டே நொடிகளில், அது முடிந்துவிடுகிறது. முடியும்போது ஆடுபவர் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார். இடமாற்றம் எதுவும் நிகழாததால், வெளியிலிருந்து பார்ப்பவர் அதை அடுத்துவரும் பெரிய சுழற்சிக்கு முன்னால் விடப்பட்ட இடைவெளி என்று எண்ணுவதும், ஆட்டத்துக்குப் புதியவர் அதை விட்டுவிட்டாலும் குறையில்லாத அலங்காரம் என்று கருதுவதும் இயல்பு. ஆனால் அந்த இரண்டு நொடிகளில்தான் எதிரில் நிற்பவரின் எடை எவ்வளவு, அவர் தாளத்தின் எந்தப் புள்ளியில் இருக்கிறார், அவருடைய பாரம் எந்தக் காலில் விழுகிறது ஆகிய மூன்றையும் ஒருவர் உடல் மற்றவர் கைகளின் வழியே அறிந்துகொள்கிறது. அடுத்த சுழற்சி எப்படி அமையும் என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. அந்த அறிதல் எப்படி நிகழ்கிறது என்பதை இயற்பியலும் உடலியலும் இன்று ஓரளவு தெளிவாகவே சொல்கின்றன.

கான்ட்ரா என்பது அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து மாநிலங்களில் வேரூன்றிய சமூக நடனம். அது மேடைக்கு உரியதன்று. ஊர்மக்கள் மாலை வேளையில் நகர மண்டபத்திலோ உழவர் சங்கக் கட்டடத்திலோ கூடி, ஃபிடில், பியானோ, கிட்டார் முதலிய கருவிகளின் நேரடி இசைக்கு, தங்களுக்காகவே ஆடுவது. இங்கிலாந்தின் நாட்டுப்புற நடனங்களிலிருந்து அது கிளைத்தது. 1651இல் லண்டனில் ஜான் பிளேஃபோர்ட் வெளியிட்ட நடன நூலில் அத்தகைய நடனங்கள் 100க்கும் மேற்பட்டவை இசைக்குறிப்போடு இடம்பெற்றிருந்தன. அந்த மரபு பிரான்சுக்குச் சென்று மெருகேறி, ஸ்காட்லாந்தின் ரீல்களோடு கலந்து, குடியேறியவர்களோடு அட்லாண்டிக்கைக் கடந்தது. பின்னர் நகரங்கள் வால்ட்ஸையும் போல்காவையும் விரும்பத் தொடங்கியபோதும், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் ஆகிய மாநிலங்களின் சிற்றூர்கள் பழைய ஆட்டத்தைக் கைவிடவில்லை. நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ரால்ஃப் பேஜ் (1903–1985) அதை அரைநூற்றாண்டுக் காலம் முன்நின்று நடத்தினார். 1960களில் டட்லி லாஃப்மன் அதை இளைஞர்களிடம் கொண்டுசேர்த்தார். பாஸ்டனின் டெட் சனெல்லா 1982இல் வெளியிட்ட தம் நடனத் தொகுப்புக்கு ‘பேலன்ஸ் அண்ட் ஸ்விங்’ என்றே பெயரிட்டார். ஸ்விங் என்பது இருவர் சேர்ந்து ஒரே அச்சில் வேகமாகச் சுழல்வது. ஒரு மரபின் சாரத்தைச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்த இரண்டு அசைவுகளில் முதலாவது பேலன்ஸ் என்பது கவனிக்கத் தக்கது.

ஆட்டத்தின் அமைப்பு எளிது. இணைகள் மண்டபத்தின் நீளவாக்கில் வரிசைகளாக நிற்க, இரண்டு இணைகள் சேர்ந்த நால்வர் குழு ஆட்டத்தின் அலகாகிறது. அழைப்பாளர் எனப்படுபவர் ஒவ்வோர் அசைவையும் அது தொடங்குவதற்குச் சற்று முன்னதாக உரக்கச் சொல்ல, நால்வரும் ஒரு தொடரை ஆடி முடித்ததும் ஒவ்வோர் இணையும் வரிசையில் ஓரிடம் நகர்ந்து புதிய இணையைச் சந்திக்கிறது. அங்கே அதே தொடர் மீண்டும் தொடங்குகிறது. இசையும் இதற்கேற்றபடியே அமைந்தது. ஒரு மெட்டில் இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இருமுறை, ஒவ்வொரு முறையும் 16 தட்டுகள், ஆக மொத்தம் 64 தட்டுகள். நிமிடத்துக்கு 110 முதல் 120 தட்டுகள் வரையிலான வேகமே வழக்கம். 116 என்று கொண்டால் ஒரு தட்டுக்கு அரை நொடியைவிடச் சற்றுக் கூடுதலாகவும், ஒரு சுற்றுக்கு 33 நொடியாகவும் கணக்கு வருகிறது. அதாவது, ஆடுபவர் 33 நொடிக்கு ஒருமுறை முன்பின் தெரியாத ஓர் உடலோடு கைகோக்க வேண்டியிருக்கிறது: ஒருவர் 50 கிலோ, அடுத்தவர் 90 கிலோ, ஒருவர் இருபது ஆண்டுகளாக ஆடுபவர், அடுத்தவர் அன்று மாலைதான் முதன்முதலாக வந்தவர். மாதக்கணக்கில் ஒரே துணையோடு பயிற்சி செய்யும் நடனங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கான்ட்ராவுக்கு உண்டு என்பதால்தான் அறிமுகத்தையும் அளவெடுப்பையும் இரண்டே நொடியில் முடித்துத் தரும் ஓர் அசைவு அதற்குத் தேவைப்படுகிறது.

அந்த அசைவைத் தட்டுத் தட்டாகப் பிரித்துப் பார்க்கலாம். இருவரும் எதிரெதிரே நின்று வலக்கைகளையோ இரு கைகளையுமோ இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் கோத்திருக்கிறார்கள். முழங்கைகள் சற்று மடங்கியிருக்கின்றன. முதல் தட்டில் வலக்கால் முன்னே இறங்குகிறது. உடலின் பாரம் அதன்மேல் ஏற, முழங்கைகள் மேலும் மடங்கி, கைகள் ஒன்றையொன்று அழுத்துகின்றன. இரண்டாம் தட்டில் இடக்கால் வலக்காலின் அருகே வந்து தரையைத் தொட்டு எழுகிறது; சிலர் அதைத் தரையில் ஓங்கி மிதிப்பார்கள், சிலர் காற்றில் லேசாக முன்வீசுவார்கள், சிலர் வெறுமனே ஒரு துள்ளலோடு நிறுத்திக்கொள்வார்கள். மூன்றாம் தட்டில் இடக்கால் பின்னே இறங்குகிறது; பாரம் அதன்மேல் சாய, மடங்கியிருந்த கைகள் நீள்கின்றன, அழுத்தம் இழுவையாக மாறுகிறது. நான்காம் தட்டில் வலக்கால் இடக்காலின் அருகே வந்து, பாரம் ஏற்காமல் காத்திருக்கிறது. ஐந்தாம் தட்டில் ஸ்விங் தொடங்குகிறது.

நான்காம் தட்டின் முடிவில் பாரம் முழுவதும் இடக்காலில் இருப்பதும், வலக்கால் எந்தப் பக்கமும் செல்லத்தக்கதாக விடுபட்டு நிற்பதும் தற்செயல் அல்ல. ஸ்விங்கில் இருவரின் வலக்கால்களும் நடுவில் அருகருகே ஊன்றி அச்சாக நிற்க, இடக்கால்கள் வெளியிலிருந்து தரையைப் பின்னுக்குத் தள்ளிச் சுழற்சியைத் தருகின்றன. எனவே சுழற்சியின் முதல் அடி வலக்காலால் வைக்கப்பட வேண்டும். பேலன்ஸை வலக்காலில் தொடங்கி ஒழுங்காக முடித்தவருக்கு அது தானாகவே அமைந்துவிடுகிறது. இடக்காலில் தொடங்கியவரோ, நான்காம் தட்டில் அவசரமாகக் கால் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தத் தடுமாற்றம் துணையின் கைகளுக்கும் உடனே தெரிந்துவிடும்.

இனி விசைகளின் கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் நிறை மையம், அதாவது உடலின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் திரண்டிருப்பதாகக் கொள்ளத்தக்க இடம், நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் முன்னே செல்வதாகவும், பின்பு அதே வேகத்தில் பின்னே திரும்புவதாகவும் கொள்வோம். வேகத்தில் ஏற்படும் மாற்றம் நொடிக்கு ஒரு மீட்டர். எடையையும் வேகத்தையும் பெருக்கிக் கிடைக்கும் உந்தத்தின் மாற்றம் 60 அலகுகள். இந்தத் திருப்பம் ஒரு நொடியில் மூன்றிலொரு பங்கு நேரத்துக்குள் நிகழ வேண்டுமானால், அந்நேரம் முழுவதும் சராசரியாக 180 நியூட்டன் விசை, அதாவது ஏறக்குறைய 18 கிலோ எடையைத் தாங்குவதற்கு நிகரான விசை, உடலைப் பின்னோக்கித் தள்ளியாக வேண்டும். தனியாக ஆடுபவருக்கு அது முழுவதையும் தரையே தர வேண்டும். கால் தரையை முன்னுக்குத் தள்ள, தரை உடலைப் பின்னுக்குத் தள்ளும். கைகோத்து ஆடும்போது அதில் ஒரு பங்கைத் துணையின் உள்ளங்கை ஏற்றுக்கொள்கிறது. இருவரும் ஒரே கணத்தில் ஒரே அளவில் தள்ளினால் ஒருவர் திரும்புவதற்கான விசையை மற்றவர் தருகிறார்; எவரும் தனியாக உழைக்க வேண்டியதில்லை. ஒருவர் அரைத் தட்டு பிந்தினால் முன்னவர் வெறுங்காற்றைத் தள்ளி நிலைகுலைகிறார், பின்னவர் எதிர்பாராத இழுவைக்கு ஆளாகிறார். நல்ல பேலன்ஸ் எளிதாகவும் மோசமான பேலன்ஸ் களைப்பூட்டுவதாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

கால்களின் பங்கையும் குறைத்து மதிப்பிட முடியாது. தசையை எலும்போடு பிணைக்கும் நாண்கள் இழுபடும்போது ஆற்றலைச் சேமித்து, சுருங்கும்போது திருப்பித் தரும் இயல்புடையவை. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மெக்நீல் அலெக்சாண்டரும் அவருடைய குழுவினரும் 1987இல் வெளியிட்ட ஆய்வு, ஓடும் மனிதனின் ஒவ்வோர் அடியிலும் மாறிமாறி இழக்கப்பட்டுப் பெறப்படும் ஆற்றலில் ஏறக்குறைய 35 விழுக்காட்டைக் குதிகால் நாணும், 17 விழுக்காட்டைப் பாதத்தின் வளைவும் சேமித்துத் தருவதைக் காட்டியது. ஆனால் இந்தச் சேமிப்பு நீடித்து நிற்பதில்லை. இழுபட்ட நாண் உடனே சுருங்க வாய்ப்புக் கிடைக்காமல் காத்திருந்தால், தசை தளர்ந்து அந்த ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிவிடும். பேலன்ஸில் முன்னடிக்கும் பின்னடிக்கும் இடையே இரண்டு தட்டுகள், அதாவது ஒரு நொடி, இடைவெளி இருக்கிறது. அந்த ஒரு நொடியும் அசையாமல் நின்றால் முன்னடியில் சேர்ந்தது பின்னடிக்குப் பயன்படாது. இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் வரும் சிறு துள்ளலின் வேலை இங்கேதான் விளங்குகிறது: அது ஒரு நொடிக் காத்திருப்பை இரண்டு அரைநொடித் துள்ளல்களாகப் பிரித்து, கெண்டைக்காலை வில்லாக இயங்கும் நிலையிலேயே வைத்திருக்கிறது. நின்ற இடத்தில் துள்ளும் மனிதர்கள் தாமாகவே தேர்ந்தெடுக்கும் வேகம் நொடிக்கு 2.2 துள்ளல் என்றும், அதைவிட மிக மெதுவாகத் துள்ளினால் கால் வில்லின் இயல்பை இழக்கிறது என்றும் 1991இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. அன்றாட வாழ்வில் மனிதர்களின் தலை மேலும் கீழும் அசையும் வேகத்தை நீண்ட நேரம் பதிவுசெய்து 2005இல் வெளியிடப்பட்ட இன்னோர் ஆய்வும் நொடிக்கு இரண்டு என்ற அளவிலேயே வந்து நின்றது. கான்ட்ரா இசையின் 116 தட்டு நொடிக்கு 1.93 ஆகிறது. ஃபிடில் கலைஞர்கள் எந்த ஆய்வகத்தையும் கேட்டு இந்த வேகத்துக்கு வரவில்லை. தலைமுறை தலைமுறையாக ஆடுபவர்களின் கால்களைப் பார்த்து வந்து சேர்ந்தார்கள்.

கைகளைப் பற்றிச் சொல்ல இன்னும் அதிகம் இருக்கிறது, ஏனெனில் பேலன்ஸின் பேச்சு முழுவதும் அங்கேதான் நடக்கிறது. கான்ட்ரா ஆடுபவர்கள் ‘எடை கொடுப்பது’ என்று ஒன்றைச் சொல்வார்கள்: தன் உடலின் பாரத்தில் ஒரு சிறு பங்கைத் துணையின் கைகளில் சாய்த்து, அவர் சாய்ப்பதைத் தானும் ஏற்றுக்கொள்வது. தனியாக நிற்பவரின் நிறை மையம் அவருடைய பாதங்களுக்கு மேலே இருந்தாக வேண்டும், இல்லையேல் விழுவார். கைகோத்த இருவரும் பின்சாயும்போது, ஒவ்வொருவரின் நிறை மையமும் அவரவர் பாதங்களைத் தாண்டிப் போனாலும் இருவருக்கும் பொதுவான நிறை மையம் நடுவில் பத்திரமாக நிற்கிறது. அந்த நிலையில் இரண்டு உடல்கள் ஒரே பொருளாகிவிடுகின்றன. ஒருவர் தசையில் எழும் மாற்றம் மற்றவர் தோள்வரை சென்று சேரக் கண் பார்த்து மூளை புரிந்துகொள்ளும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கண்ணால் பார்த்து எதிர்வினை புரிய ஒருவருக்குக் குறைந்தது ஒரு நொடியில் ஐந்திலொரு பங்கு நேரம் தேவை, ஆனால் திடீரென இழுபடும் தசை தண்டுவட அனிச்சையின் வழியே ஒரு நொடியில் இருபதிலொரு பங்குக்குள்ளாகவே பதில் கொடுத்துவிடும். முழங்கை சற்று மடங்கியிருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதன் பொருளும் இதில் அடங்கியது. முழுதும் நீட்டிய கையில் இழுவை எலும்பிலும் மூட்டிலும் போய் முட்டி வலியைத்தான் தரும்; தொய்ந்து தொங்கும் கையில் எதுவுமே போய்ச் சேராது; மடங்கி, மிதமாக இறுகிய கையில் மட்டுமே தசை நீளவும் குறுகவும் இடமிருக்கிறது.

எவ்வளவு விசை வேண்டும் என்ற கேள்விக்கு விடை வியப்பளிக்கிறது. மாசசூசெட்ஸின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜெக்காவும் ஜேம்ஸ் லாக்னரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாதத்தின் முன்னே மறுபாதத்தை ஒட்டி வைத்து நின்றவர்கள் ஒரு நிலையான தகட்டை விரல்நுனியால் ஒரு நியூட்டனுக்கும் குறைவான விசையோடு, அதாவது 100 கிராம் எடைக்கும் குறைந்த அழுத்தத்தோடு, தொட்டபோதே அவர்களின் உடலாட்டம் வெகுவாகக் குறைந்தது. அத்தனை சிறிய விசை எவரையும் தாங்கிப் பிடிக்க முடியாது. விரல்நுனி அங்கே ஊன்றுகோலாக இல்லை. உடல் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்ற செய்தியைத் தரும் புலனுறுப்பாக இருந்தது. அசையாத தகட்டுக்குப் பதிலாக இன்னொரு மனிதரைத் தொட்டாலும் உடலாட்டம் குறைவதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. இதைக் கான்ட்ராவுக்குப் பொருத்திப் பார்த்தால், எடை கொடுப்பது என்பது பலத்தைக் காட்டுவதாக இருக்க வேண்டியதில்லை என்று தெரிகிறது. துணையின் தோளைப் பிடுங்குவதுபோல் இழுக்கும் பேலன்ஸ் ஆற்றல் மிக்கதாகத் தோன்றலாம். ஆனால் அந்த இரைச்சலில் செய்தி அமுங்கிவிடுகிறது. மென்மையாக, ஆனால் இடைவிடாமல் தொடர்பைப் பேணும் கைகளே தேர்ந்த ஆட்டக்காரரின் அடையாளம்.

செய்தி கிடைப்பதோடு வேலை முடிவதில்லை. அதை முன்கூட்டியே பயன்படுத்தவும் வேண்டும். 1967இல் சோவியத் ஒன்றியத்தில் பெலென்கி, குர்ஃபின்கெல், பால்ட்சேவ் ஆகிய மூவர் எளிய சோதனை ஒன்றைச் செய்தனர். நிற்பவரைக் கையை விரைவாக உயர்த்தச் சொல்லி, தோள் தசையிலும் கால் தசையிலும் எழும் மின்னோட்டத்தைப் பதிவுசெய்தபோது, கையை உயர்த்தும் தசைக்கு முன்பே காலின் பின்தசை இயங்கிவிட்டது தெரிந்தது. கை உயர்வதால் உடல் எப்படி நிலைகுலையும் என்பதை நரம்பு மண்டலம் முன்னறிந்து, அதற்கான மாற்றை முன்னதாகவே செய்துவிடுகிறது. ஆனால் முன்னறிவதற்கு, வரப்போவது எப்போது, எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். தன் கையைப் பற்றி அது ஒருவருக்குத் தெரியும். 33 நொடிக்கு ஒருமுறை மாறும் அந்நியரின் எடையைப் பற்றி எப்படித் தெரியும்? முதல் தட்டின் அழுத்தம் ஒரு மாதிரியைத் தருகிறது, மூன்றாம் தட்டின் இழுவை இன்னொன்றைத் தருகிறது. இந்த இரண்டைக் கொண்டு உடல் ஐந்தாம் தட்டுக்குத் தயாராகிவிடுகிறது. இசை தரும் உறுதியும் இதோடு சேர்ந்துகொள்கிறது. பேலன்ஸ் பெரும்பாலும் 16 தட்டுப் பகுதியின் முதல் தட்டிலேயே தொடங்குவதால், அது எப்போது வரும் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. எவ்வளவு என்பதை மட்டும் கைகள் கண்டுபிடித்தால் போதும்.

பேலன்ஸை விட்டுவிட்டு முழு 16 தட்டுக்கும் ஸ்விங் ஆட விரும்புபவர்கள் உண்டு. நான்கு தட்டு பேலன்ஸ், பன்னிரண்டு தட்டு ஸ்விங் என்ற பழைய பங்கீடே சிறந்தது என்பதற்குச் சுழற்சியின் இயற்பியலும் உட்செவியின் இயல்பும் சான்று சொல்கின்றன. பன்னிரண்டு தட்டு ஏறக்குறைய ஆறு நொடி. அதற்குள் மூன்று முழுச் சுற்று சுற்றினால் ஒரு சுற்றுக்கு இரண்டு நொடி. ஒவ்வொருவரின் நிறை மையமும் அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொண்டால், 60 கிலோ எடையுள்ளவரை வட்டப் பாதையில் வைத்திருக்கத் தேவையான மையநோக்கு விசை ஏறக்குறைய 180 நியூட்டன் ஆகிறது. பேலன்ஸில் உடலைத் திருப்பத் தேவைப்பட்டதாக மேலே கண்ட விசையும் இதே அளவுதான். இரண்டு கணக்கும் உத்தேசமானவையே. எனினும் ஸ்விங்கில் துணையின் முதுகில் பதிந்த கை தாங்க வேண்டிய சுமையும் பேலன்ஸில் பழகிய சுமையும் ஒரே அளவை ஒட்டியிருப்பதை ஆடுபவர்கள் உடலால் உணர்கிறார்கள். ஊஞ்சலை முன்னே தள்ளுவதற்கு முன் சற்றுப் பின்னே இழுத்துக்கொள்வது போன்றது மூன்றாம் தட்டின் பின்னடி. நீண்ட கைகளின் இழுவை ஐந்தாம் தட்டில் இருவரையும் உள்ளே கொண்டுவந்து, அந்த நேர்க்கோட்டு வேகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிச் சுழற்சியாக்குகிறது. பேலன்ஸ் இல்லாத ஸ்விங்கில் இந்தத் தொடக்க வேகம் இல்லை. முதல் சுற்று முழுவதும் இடக்கால்கள் தள்ளித்தள்ளியே வேகத்தைச் சேர்க்க வேண்டும்.

உட்செவியில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை சுழலும்போது அவற்றிலுள்ள நீர்மம் பின்தங்கி, ஒரு மெல்லிய தடுப்பை வளைத்து, சுழற்சியை மூளைக்கு உணர்த்துகிறது. சீரான வேகத்தில் சுழன்றுகொண்டே இருந்தால் நீர்மமும் மெல்ல அதே வேகத்தை எட்டிவிட, தடுப்பு நிமிர்ந்து, செய்தி தேய்கிறது. பிறகு திடீரென நின்றால் நீர்மம் மட்டும் தொடர்ந்து ஓடி, எதிர்த் திசையில் சுழல்வதான பொய்ச் செய்தியைத் தருகிறது. தலைசுற்றல் என்பது இதுதான். ஸ்விங் நீளும் ஒவ்வொரு நொடியும் இந்தப் பொய்ச் செய்தியின் வலுவைக் கூட்டுகிறது. துணையின் முகத்தில் பார்வையை நிறுத்துவது ஒரு மாற்று. தன்னோடு சேர்ந்தே சுழலும் அந்த முகம் கண்ணுக்கு அசையாமல் நிற்பதால், சுழற்சிக்கு ஈடாகக் கண்கள் அனிச்சையாக ஓடுவது அடங்குகிறது. பேலன்ஸ் தரும் உதவி வேறு வகையானது. அதில் தலை முன்னும் பின்னுமாக மட்டுமே அசைகிறது. அதை உணர்வது குழல்கள் அல்ல, நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்களைத் தாங்கிய வேறு இரண்டு உறுப்புகள். முந்தைய அசைவில் சுழன்று வந்தவருக்கு இந்த இரண்டு நொடி, குழல்களின் நீர்மம் அடங்குவதற்குக் கிடைக்கும் அவகாசம்.

இருவர் மட்டுமல்லாமல் நால்வரும் ஆறுபேரும் சேர்ந்து செய்யும் பேலன்ஸ்களும் உண்டு. பெட்ரொனெல்லா என்ற பழைய ஸ்காட்டிஷ் நடனத்திலிருந்து வந்த அசைவில் நால்வர் வட்டமாகக் கைகோத்து உள்ளே அடிவைத்து வெளியே வாங்கி, கைகளை விட்டு, ஒவ்வொருவரும் வலப்பக்கமாகத் தனித்தனியே ஒருமுறை சுழன்று அடுத்தவர் இடத்தில் போய் நிற்கிறார்கள். சுழன்று முடித்ததும் இரண்டுமுறை கைதட்டும் வழக்கம் நியூ இங்கிலாந்தில் பரவி, இன்று எங்கும் காணப்படுகிறது. இங்கும் பாரம் இடக்காலில் முடிவதால்தான் வலப்பக்கம் போவது எளிதாகிறது. ரோரி ஓ’மோர் என்ற நடனத்தின் அசைவு இதைவிட நுட்பமானது. ஆடுபவர்கள் ஒருவர் விட்டு ஒருவர் எதிர்த்திசை நோக்கி, அலைபோல் ஒரே வரிசையில் கைகோத்து நின்று, முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம் பேலன்ஸ் செய்து, உடனே வலப்பக்கம் சுழன்று நழுவுகிறார்கள். அடுத்தமுறை இடம், வலம் என்று செய்து இடப்பக்கம் நழுவுகிறார்கள். போக வேண்டிய திசைக்கு நேர் எதிரான அடியே எப்போதும் கடைசியில் வருகிறது. தரையை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் போக முடியும் என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை வரிசை முழுவதும் ஒரே கணத்தில் நிகழ்த்திக் காட்டுகிறது.

பேலன்ஸின் தோற்றம் காலத்தோடு மாறியும் வந்திருக்கிறது. முன்பு நியூ ஹாம்ப்ஷயரில் பெருவழக்காக இருந்தது, வலக்காலில் நின்று இடக்காலை முன்னே குறுக்காக வீசி, பிறகு இடக்காலில் நின்று வலக்காலை வீசும் முறை. அதில் முன்பின் நகர்வு குறைவு, உடல் நிமிர்ந்தே இருக்கும். இன்று பெரும்பாலோர் விரும்புவது முன்னும் பின்னும் போகும் முறை. முன்பின் முறையில் கைகளுக்கு வேலை அதிகம் என்பதால், அந்நியரை விரைவில் அறிய அதுவே உகந்தது. கால் வீசும் முறையில் தாளம் இன்னும் துல்லியமாகத் தெரியும். இரண்டும் கலந்து நிற்கும் ஒரு வரிசையில் எதிரிலிருப்பவர் எதைச் செய்கிறாரோ அதற்கு இணங்குவதே பண்பாகக் கருதப்படுகிறது. அந்த இணக்கம் பெரும்பாலும் முதல் தட்டிலேயே, சொல்லின்றி, கையழுத்தத்தால் நிகழ்ந்துவிடுகிறது.

நியூ ஹாம்ப்ஷயரின் நெல்சன் நகர மண்டபம், மாசசூசெட்ஸின் கிரீன்ஃபீல்டிலுள்ள கைடிங் ஸ்டார் கிரேஞ்ச் ஆகிய இடங்களின் மரத்தரைமேல் ஒரு கூட்டம் முழுவதும் ஒரே தட்டில் கால் ஊன்றும்போது, எழும் ஓசை இசைக்குழுவுக்குத் தாளக்கருவியாகிவிடுகிறது. தேர்ந்த குழுக்கள் அதைக் கேட்டே வாசிக்கின்றன. பேலன்ஸ் மிகுந்த நடனத்துக்கு, முதல் தட்டிலும் மூன்றாம் தட்டிலும் அழுத்தமான நீண்ட சுரம் விழும் மெட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். ஓடிக்கொண்டே இருக்கும் மெட்டில் பேலன்ஸுக்குப் பிடி கிடைக்காது. பியானோ வாசிப்பவர் அந்த நான்கு தட்டுகளுக்கு மட்டும் இடைச்சுரங்களை நிறுத்தி, இரண்டு தனி அடிகளை மட்டும் வைப்பதும் உண்டு. கால்களின் ஓசை அந்த வெற்றிடத்தை நிரப்பிக்கொள்கிறது.

ஆட்டம் தொடங்குமுன் புதியவர்களுக்கு நடத்தப்படும் சிறு வகுப்பில் நல்ல அழைப்பாளர்கள் காலடியிலிருந்து தொடங்குவதில்லை. இருவரைக் கைகோக்கச் சொல்லி, முழங்கையை மடக்கி, இருவரும் மெல்லப் பின்சாய்ந்து, எதிரிலிருப்பவர் தன்னைத் தாங்குவதை உணரும்வரை நிற்கச் சொல்கிறார்கள். பிறகு உள்ளே சாய்ந்து அழுத்தத்தை உணரச் சொல்கிறார்கள். அது கைவந்தபின் காலடி ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறது. முழங்கால் தேய்ந்த முதியவர்கள் பலர் அந்தக் காலடியைக்கூட வைப்பதில்லை: பாதங்களைத் தரையிலிருந்து எடுக்காமலே முதல் தட்டில் கைகளை அழுத்தி, மூன்றாம் தட்டில் இதமாக இழுத்து, பாரத்தை இடக்காலுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். எதிரில் நிற்கும் இளைஞர் தம் விருப்பப்படி துள்ளி மிதிக்கலாம். ஐந்தாம் தட்டில் இருவரும் சேர்ந்தே சுழலத் தொடங்குகிறார்கள்.